ஆஸ்கர் மேடையில் நம் பாடல்கள்

கூடலூரிலிருந்து மைசூருக்குச் செல்லும் சாலையும் மசினகுடிச் சாலையும் பிரியும் இடம் தெப்பக்காடு. அங்குள்ள யானைகள் முகாமை நம்மில் பலர் பிள்ளைகளோடு சென்று கண்டிருப்போம். ரகு எனும் யானைக் கன்றை அங்கே வளர்த்த பொம்மன், பெள்ளி என்னும் காட்டுநாயக்கர் இணையரைப் பற்றிய குறும்படம் 2023 மார்ச் 12 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஆஸ்கர் விருது பெற்றது. மலையெங்கும் அதுவே பேச்சாயிற்று. அதே இரவில் 'நாட்டு நாட்டு' என்னும் தெலுங்குப் பாடலும் சிறந்த பாடலுக்கான விருதை வென்றதை, யானையின் மகிழ்ச்சியில் நாம் சற்றே மறந்துபோனோம்.

ஐரோப்பாவில் 1956 முதல் யூரோவிஷன் என்னும் பாட்டுப் போட்டி நடந்து வருகிறது. அதில் நாடுகள் நாடுகளாகவே மோதுகின்றன. இந்தியாவுக்கு அங்கு இடமில்லை. உலக அரங்கில் நம் பாடல்கள் பெற்ற வெற்றி தோல்விகளை அறிய வேண்டின் ஆஸ்கரையே நாட வேண்டியுள்ளது. பாடலுக்கென அங்கே 1935 முதல் விருது வழங்குகிறார்கள். நாடுகள் பாடல்களை அனுப்புவதில்லை. ஒரு திரைப்படத்துக்கென்றே எழுதப்பட்ட பாடலாக இருக்க வேண்டும் என்பதே விதி. ஆயினும் கணக்குப் பார்க்கும் ஆசை யாரை விட்டது?

எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அக்கணக்கில் நமக்கு ஒன்றுமில்லை. 2009-இல் இறுதிப் பட்டியலில் இருந்தவை மூன்றே பாடல்கள். அவற்றுள் இரண்டு ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தவை. ஒன்றில் ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகளான மாயா அருள்பிரகாசம் பங்கேற்றிருந்தார். குல்சார் எழுதிய 'ஜெய் ஹோ' வென்றது. எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று ரஹ்மான் அம்மேடையில் தமிழில் சொன்னதைக் கேட்டு மெய்சிலிர்க்காதோர் யார்? எனினும் 'ஸ்லம்டாக் மில்லியனர்' ஆங்கிலேயர் எடுத்த படம். 2011-இல் ரஹ்மானின் பாடல் மீண்டும் பட்டியலேறித் தோற்றது. அதுவும் அயலார் படமே.

2013-இல் நிகழ்ந்ததே நம் நெஞ்சுக்கு நெருக்கமானது. 'லைஃப் ஆஃப் பை' படத்துக்காகப் பம்பாய் ஜெயஸ்ரீ எழுதிப் பாடிய தமிழ்த் தாலாட்டு, மைக்கேல் டானாவின் இசையில் அப்பட்டியலில் இடம்பெற்றது. ஜேம்ஸ் பாண்ட் படத்தின் 'ஸ்கைஃபால்' பாடலிடம் அது தோற்றது. தாலாட்டுக்கு ஆரவாரமான அரங்கம் எப்போதுமே ஏற்ற இடமன்று. ஆயினும் நம் வாக்கு இன்றும் அதற்கே. அதற்கும் வாயில் திறந்துவிட்டது அயல்நாட்டுப் படம்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

கீரவாணி இசையமைத்து, சந்திரபோஸ் எழுதிய 'நாட்டு நாட்டு'தான் நம் வீட்டு வாசல் வழியாகவே சென்று வென்ற முதற்பாடல். படத்தில் அப்பாடல் வரும் கட்டம் சிந்திக்கத்தக்கது. வெள்ளையர் விருந்தில், ஆட்டம் அறியாதவர்கள் என்று இகழப்பட்ட இருவர் தம் மண்ணின் ஆட்டத்தை ஆடிக் காட்டுகின்றனர். அவ்விருவரில் ஒருவர் கோண்டுப் பழங்குடித் தலைவர் கொமரம் பீமின் பெயரைத் தாங்கிய பாத்திரம். தெப்பக்காட்டுப் பழங்குடியினரின் படம் வென்ற இரவில் இப்பாடலும் வென்றதை நாம் தற்செயல் என்று தள்ளிவிட விரும்பவில்லை.

அயலார் வாயில் வழியே பாடி நின்றவர்கள்தாமே நாமும்! பூசையின் மொழி இலத்தீனாகவே இருந்த காலம் நம் மூத்தோர்க்கு நினைவிருக்கும். ஒவ்வொரு மக்களின் சொந்த இசை மரபுக்கும் உரிய மதிப்புத் தரவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டு ஏட்டில் பணித்தது 1963-இல். ஏடு மாறியது, நம் செவி மாறியதா?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கரோல் போட்டிக்கு நாம் நடுவராய் அமர்ந்தோம். நான்கு குரல்களில் பிசகின்றி ஒலித்த ஆங்கிலப் பாடலுக்கு முதற்பரிசு தந்தோம். தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் தப்படித்துப் பாடிய தமிழ்ப் பாடலுக்கு மூன்றாம் இடம். மதிப்பெண் தாளில் தாளத்துக்கென ஒரு கட்டம் இருந்தது. தப்பொலிக்கு அரங்கமே கைதட்டியபோதும் அக்கட்டத்தில் நாம் இட்டது பத்துக்கு ஐந்து.