கொட்டகைகளில் ஆள் இல்லை

2002 ஜூலை 22, நள்ளிரவுக்குச் சற்று முன்பு. காசா நகரத்தின் அல்-தராஜ் பகுதியில் இருந்த ஒரு வீட்டின் மீது இஸ்ரேலின் எஃப்-16 விமானம் ஒரே ஒரு குண்டைப் போட்டது. அதன் எடை ஒரு டன். அந்த வீட்டுக்குள் சலா ஷெஹாதே இருந்தார். ஹமாஸின் ஆயுதப் பிரிவான அல்-கஸ்ஸாம் படையை உருவாக்கியவர்களில் ஒருவர், அப்போது அதன் தலைவர். அவரும் அவருடைய உதவியாளரும் கொல்லப்பட்டார்கள். ஷெஹாதேயின் மனைவியும் பதின்வயது மகளும் இறந்தார்கள். பக்கத்து வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்களும் இடிபாடுகளில் புதைந்தன. காயமடைந்தவர்கள் நூற்றுக்கும் மேல்.

தலைவர்களைக் குறிவைக்கும் வான்தாக்குதல்கள் செய்தியில் வரும்போதெல்லாம் நாம் "குறி தப்பியதா, தப்பவில்லையா" என்றே விவாதிக்கிறோம். இந்தக் குண்டு குறி தப்பவில்லை. அதனால்தான் இதை எடுத்துக்கொள்கிறோம்.

ஷெஹாதே யார் என்பதை மழுப்ப வேண்டியதில்லை. 2000 செப்டம்பரில் இரண்டாம் இன்டிஃபாதா தொடங்கியது. அதன்பிறகு ஹமாஸின் தற்கொலைத் தாக்குதல்களில் பேருந்துகளிலும் உணவகங்களிலும் சாதாரண மக்கள் செத்தார்கள். 2002 மார்ச்சில் நெதன்யா நகரத்து விடுதியில் பஸ்கா பண்டிகை விருந்தில் வெடித்த குண்டுக்கு 30 பேர் பலியானார்கள். இஸ்ரேல் ராணுவம் மேற்குக் கரை நகரங்களுக்குள் டாங்கிகளோடு நுழைந்தது. அந்த ஆண்டின் கோடையில் இரு பக்கமும் தங்கள் பிணங்களை எண்ணிக்கொண்டிருந்தன. ஷெஹாதேயைக் கொல்வது நியாயம் என்று இஸ்ரேலியர்கள் பலர் நினைத்ததில் வியப்பில்லை.

நம் கேள்வி ஷெஹாதேயைப் பற்றியதல்ல. அவருடைய பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றியது.

இந்தத் தாக்குதல் முன்பே பலமுறை தள்ளிவைக்கப்பட்டதாக இஸ்ரேல் தரப்பே சொன்னது. அவரோடு மகள் இருக்கிறாள் என்று தகவல் வந்தபோது நிறுத்தினார்களாம். அப்படியானால் அன்றிரவு மட்டும் எப்படி அனுமதி கிடைத்தது? உளவுத்துறையின் மதிப்பீடு இதுதான்: மகள் வீட்டில் இல்லை, வீட்டை ஒட்டியிருக்கும் கொட்டகைகளில் யாரும் குடியிருக்கவில்லை.

குடியிருந்தார்கள். தகரமும் ஹாலோபிளாக் கல்லும் வைத்துக் கட்டிய அந்த இடங்களில் குழந்தைகளோடு ஆட்கள் இருந்தார்கள்.

களப்பணியில் இருக்கும் நமக்கு இது புதிதா என்ன? கணக்கெடுக்கப் போகிறவர் பகல் பதினொரு மணிக்கு வருவார். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார். மறுமாதம் அதே தாளைக் காட்டி, இங்கே யாரும் குடியிருக்கவே இல்லை என்பார்கள். ஒரு குடிசையை வீடாகப் பார்ப்பதா, காலி ஷெட்டாகப் பார்ப்பதா என்பது கண் பார்வை சம்பந்தப்பட்ட விஷயமில்லை. காசா மக்களில் பெரும்பான்மையோர் 1948-இல் விரட்டப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளை பேரப்பிள்ளைகளும். ஊரே அடைசல். அங்கே ஒரு கொட்டகை காலியாக இருக்கும் என்று நினைக்க முடிந்ததே, அதுதான் யோசிக்க வேண்டியது.

மறுநாள் பிரதமர் ஆரியல் ஷரோன் இதைப் பெரும் வெற்றி என்று பாராட்டினார். வாஷிங்டனிலிருந்துகூடக் கண்டனம் வந்தது. குழந்தைகளின் உடல்கள் தோளில் போகும் படங்கள் உலகம் முழுக்கப் போன பிறகு தொனி மாறியது. தகவல் பிழை, தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டோம் என்றார்கள். அடுத்த வாரம், ஜூலை 31 அன்று, ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழக உணவகத்தில் குண்டு வெடித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். ஷெஹாதேக்குப் பழிவாங்கியதாக ஹமாஸ் சொன்னது. அங்கே மதியம் சாப்பிட உட்கார்ந்தவர்களையும் யாரும் கணக்கில் வைக்கவில்லை.

விமானப்படைத் தளபதி டான் ஹலூட்ஸ் ஆகஸ்டில் ஹாரெட்ஸ் நாளிதழுக்குப் பேட்டி கொடுத்தார். தன் விமானிகள் நிம்மதியாகத் தூங்கலாம் என்றார். குண்டை விடும்போது உங்களுக்கு என்ன தோன்றும் என்ற கேள்விக்கு, விமானத்தில் லேசான ஒரு அதிர்வு தெரியும், ஒரு நொடியில் போய்விடும் என்ற பொருளில் பதில் சொன்னார். 2005-இல் அவர் முப்படைகளின் தலைமைக்கு உயர்ந்தார்.

எல்லோரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. 2003 செப்டம்பரில் இஸ்ரேல் விமானிகள் 27 பேர், பணியில் இருந்தவர்களும் ரிசர்வில் இருந்தவர்களும், ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். மக்கள் வசிக்கும் இடங்களில் குண்டு போடும் உத்தரவுகளை ஏற்க மாட்டோம் என்றது அது. கையெழுத்திட்டவர்களில் யிஃப்தா ஸ்பெக்டரும் ஒருவர். அந்த விமானப்படையின் புகழ்பெற்ற போர்வீரர், பிரிகேடியர் ஜெனரல். துரோகிகள் என்ற வசவு வந்தது, பறக்கும் பணியும் பறிபோனது. அதிகாரக் கட்டமைப்புக்குள் உட்கார்ந்திருப்பவர் "முடியாது" என்று சொல்வதன் விலை என்ன என்று படிக்க விரும்பும் மாணவர்களுக்கு இது நல்ல ஆய்வுப் பொருள்.

அந்தக் கடிதம் வெளிவந்த அதே மாதம், செப்டம்பர் 6 அன்று, இன்னொன்றும் நடந்தது. அகமது யாசின், இஸ்மாயில் ஹனியே உள்பட ஹமாஸ் தலைவர்கள் காசாவில் ஒரே வீட்டில் கூடியிருந்தார்கள். அல்-தராஜ் அனுபவத்துக்குப் பிறகு பெரிய குண்டு வேண்டாம் என்று கால் டன் குண்டைப் போட்டார்கள். மேல் தளம் நொறுங்கியது. கூட்டம் நடந்ததோ கீழ்த் தளத்தில். யாசினுக்குச் சிறு காயம், மற்றவர்களும் தப்பினார்கள். அதாவது பக்கத்து வீட்டுக்காரர்களை நினைத்துப் பார்க்க முடியும். நினைத்தால் குண்டின் எடையே மாறும். ஆனால் இஸ்ரேலில் பலர் எடுத்துக்கொண்ட பாடம், சின்ன குண்டு போட்டது தப்பு என்பது. 2004 மார்ச்சில் அதிகாலைத் தொழுகை முடிந்து சக்கர நாற்காலியில் வந்த யாசினையும், ஏப்ரலில் ரந்திசியையும் ஹெலிகாப்டர் ஏவுகணைகளால் கொன்றார்கள். 2006 ஜனவரித் தேர்தலில் 132 இடங்களில் 74-ஐ ஹமாஸ் வென்றது.

அல்-தராஜ் வழக்கு என்ன ஆனது? இஸ்ரேல் மனித உரிமைச் செயற்பாட்டாளர்கள் விடாமல் நீதிமன்றப் படி ஏறியதால் 2008-இல் ஓர் ஆணையம் அமைந்தது. பின்னர் ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி டோவா ஸ்ட்ராஸ்பெர்க்-கோஹன் தலைமை ஏற்றார். 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. சம்பந்தமில்லாத பொதுமக்கள் 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் என்று அது ஒப்புக்கொண்டது. விளைவு அளவுக்கு மீறியது என்றும் சொன்னது. ஆனால் குற்றம் இல்லை. ஏனென்றால் முடிவெடுத்தவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. இடையில் ஸ்பெயினில் 2009-இல் ஏற்கப்பட்ட வழக்கையும் அந்நாட்டு மேல் நீதிமன்றங்கள் மூடிவிட்டன.

விசாரணை ஆணைய அறிக்கைகளை வாசித்துப் பழகியவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். போர்ச் சட்டம் பொதுமக்கள் சாவதை முழுக்கத் தடுப்பதில்லை. கிடைக்கப்போகும் ராணுவப் பலனுக்கு மிஞ்சிய உயிரிழப்பு கூடாது என்கிறது. அந்தத் தராசில் வைக்கப்படுவது உண்மையில் செத்தவர்களின் எண்ணிக்கை அல்ல. சாவார்கள் என்று தளபதி எதிர்பார்த்த எண்ணிக்கை. தெரிந்துகொள்ள எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் அந்த முயற்சி போதுமா என்று பார்ப்பது யார்? கொட்டகையில் ஆள் இருக்கிறதா என்று உறுதிசெய்யாதவர், உறுதிசெய்தவரைவிடப் பாதுகாப்பாக வெளியே வருகிறார்.

ஷெஹாதேக்குப் பிறகு ஆயுதப் பிரிவின் தலைமைக்கு வந்தவர் முகமது தெய்ஃப். 2023 அக்டோபர் 7 தாக்குதலைத் திட்டமிட்டவர்களில் ஒருவர். 2024 ஜூலை 13 அன்று இஸ்ரேல் அவரைக் குறிவைத்து அல்-மவாசியில் குண்டுகளைப் போட்டது. இடம்பெயர்ந்தவர்கள் போய்த் தங்கலாம் என்று அதே ராணுவம் அறிவித்திருந்த பகுதி அது. குறைந்தது 90 பேர் இறந்ததாகக் காசா சுகாதாரத் துறை சொன்னது. தெய்ஃப் இறந்ததை ஹமாஸ் 2025 ஜனவரியில் உறுதிப்படுத்தியது. இந்த முறை சுற்றியிருந்தவை கொட்டகைகள்கூட இல்லை, கூடாரங்கள். உள்ளே ஆள் இருப்பது எல்லோருக்கும் தெரியும்.