வீட்டுக்கு வந்த அலுவலகக் கடிதம்



தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பெரட்டுக் களத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் பெயர் கூப்பிடுவார்கள்; வேலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். பாலை நிறுத்துக் கொடுத்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. கிராணியாரின் கணக்குப் புத்தகமும் ஆபீசு அலமாரிக்குள் போய்விடும். வேலைக்கு ஓர் இடம் இருந்தது; ஒரு நேரமும் இருந்தது.

இன்று நம் பிள்ளைகளில் பலர் நகரத்து அலுவலகங்களில் வேலை செய்கிறார்கள். என்னிடம் படித்த பெண் ஒருத்தி தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். இரவு பத்து மணிக்குக் கைத்தொலைபேசியில் அலுவலக மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். பல்லாண்டுகள் பால்மரம் சீவிய அவளுடைய தாயார், "ஏம்மா, லீவு போட்டுட்டுத்தானே வந்தே? ஆபீசையும் கையோட கொண்டாந்துட்டியா?" என்று கேட்டார். அந்தத் தாயின் கேள்விக்குப் பின்னால் அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

1965-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தினார்கள். ஒருவர் மற்றவருக்குச் செய்தி எழுதி அந்தக் கணினிக்குள்ளேயே வைத்துவிடும் வசதி அப்போது உண்டாயிற்று. 1971-இல் ரே டாம்லின்சன் என்னும் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து வேறொரு கணினிக்குக் கடிதம் அனுப்பிக் காட்டினார். மின்னஞ்சல் முகவரியின் நடுவே நாம் காணும் வட்டமிட்ட 'அட்' குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே.

ஆனால், கடிதம் அலுவலகக் கணினியில் அல்லவா இருக்கிறது? வீட்டில் இருப்பவர் அதை எப்படிப் படிப்பது? அதற்குத் தொலைபேசிக் கம்பி உதவியது. எழுத்தை ஒலியாக மாற்றிக் கம்பி வழியே அனுப்பி, மறுமுனையில் மீண்டும் எழுத்தாக்கும் கருவிக்கு மோடம் என்று பெயர். 1960-களில் வந்த ஒரு மோடம் விநாடிக்குச் சுமார் 30 எழுத்துகளையே அனுப்பியது.

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அதே ஆண்டில் அமெரிக்கரான ஜாக் நில்ஸ் ஒரு கேள்வி எழுப்பினார். தொழிலாளி வேலையைத் தேடிப் பயணம் செய்வதற்குப் பதிலாக, வேலை கம்பி வழியே தொழிலாளியிடம் வந்தால் என்ன என்பதே அது. தொலைவேலை என்னும் கருத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர் அவர்தாம்.

1984-இல் கடிதங்களை அலுவலகக் கணினியிலிருந்து நம் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை வகுக்கப்பட்டது. 1986-இல் மார்க் கிறிஸ்பின் என்பவர் வேறொரு முறையை உருவாக்கினார். இதன்படி கடிதம் அலுவலகத்திலேயே இருக்கும். எங்கிருந்தும் திறந்து படிக்கலாம். 1990-களின் பிற்பகுதியில், இணையப் பக்கத்தில் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதினாலே போதும் என்ற நிலை வந்தது. 1999-இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று பிளாக்பெரி என்னும் சிறு கருவியில் கடிதத்தைச் சட்டைப்பைக்கே கொண்டுவந்தது.

இதன் பயன் பெரிது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். 2020 மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, பலருடைய வேலையைக் காப்பாற்றியது இந்த வசதியே.

ஆனால் கதவு திறந்தால் இரண்டு பக்கமும் வழிதான். நாம் அலுவலகத்துக்குள் எட்டிப் பார்க்கும் அதே கதவு வழியே அலுவலகமும் நம் அடுப்படிவரை வந்துவிடுகிறது. இதை முதலில் உணர்ந்தவர்கள் தொழிலாளர்களே. 2011-இல் ஜெர்மனியின் வோல்க்ஸ்வேகன் நிறுவனம், தொழிலாளர் பிரதிநிதிகளோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. அதன்படி வேலை முடிந்து அரைமணி நேரத்திற்குப் பின் ஊழியர்களின் பிளாக்பெரிக்குக் கடிதம் போகாது. 2017 ஜனவரி முதல் நாள் பிரான்சில் ஒரு சட்டம் நடப்புக்கு வந்தது. ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள், வேலை நேரத்திற்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை குறித்து ஊழியர்களோடு பேச வேண்டும் என்றது அது.

மலேசியாவில் 2023 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த திருத்தச் சட்டத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தரவேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். ஆனால் இது கேட்கும் உரிமைதான். இரவில் கடிதத்தை மூடிவைக்கும் உரிமையன்று.

ஆகவே, உங்கள் மகனுக்கோ மகளுக்கோ அலுவலகம் இந்த வசதியைத் தந்தால் மூன்று செய்திகளைக் கேட்டுத் தெளிந்துகொள்ளச் சொல்லுங்கள். எந்தக் கருவியில் படிப்பது, அதன் செலவு யாருடையது? எத்தனை மணிவரை பதில் சொல்ல வேண்டும்? அவசரம் என்பது எது? இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கடவுச்சொல்லை வீட்டாரிடம்கூடச் சொல்லலாகாது. அது அலுவலகத்தின் சாவி.

அந்தப் பெண் தன் தாயிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "யாரும் எழுதச் சொல்லலைம்மா. எழுதலைன்னா என்ன நினைப்பாங்களோன்னு பயம்." நேரம் வரையறுக்கப்படாத இடத்தில் அச்சமே மேற்பார்வையாளராகிவிடுகிறது. நம் பெரியோர் எட்டு மணி வேலைக்காகப் போராடியதை நினைவில் வைப்போம். மணியடிக்காத இந்த வேலைக்கும் ஒரு மணி வேண்டும்.