பரங்கிப்பேட்டை: வெள்ளாற்று முகத்தின் பழைய வணிகத்துறை

பரங்கிப்பேட்டை, கடலூர் மாவட்டத்தில் வெள்ளாறு வங்கக் கடலில் கலக்குமிடத்தில், ஆற்றின் வடகரையில் அமைந்த பழைய துறைமுக நகரம். கடலூருக்குத் தெற்கே சுமார் 30 கி.மீ. தொலைவிலும் சிதம்பரத்துக்கு வடகிழக்கிலும் உள்ளது. ஐரோப்பியர் இதைப் போர்ட்டோ நோவோ (புதிய துறைமுகம்) என்றும், முஸ்லிம் வணிகர்கள் மஹ்மூது பந்தர் என்றும் அழைத்தனர். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையின் முக்கியத் துணிச் சந்தைகளில் ஒன்றாக விளங்கியது.

பின்னணி

சிதம்பரம் வட்டாரத்தின் கடல்கடந்த தொடர்புகள் பரங்கிப்பேட்டையைவிடப் பழமையானவை. கம்போச அரசன் அனுப்பிய கல் ஒன்று சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்ட செய்தியை முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. அரபு நூலாசிரியர்கள் தமிழகத்தின் கிழக்குக் கரையை மஅபர் என்று குறித்தனர். பாரசீக வளைகுடாவிலிருந்து இக்கரைக்குக் குதிரைகள் கப்பலேறி வந்ததை 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதியுள்ளார். இந்தப் போக்குவரத்தில் வந்து தங்கிய அரபு வணிகர்களும் உள்ளூர்க் குடும்பங்களும் கலந்து உருவானதே கடலோரத் தமிழ் முஸ்லிம் வணிகச் சமூகம். அதன் கப்பல் வணிகப் பிரிவினர் மரைக்காயர் எனப்பட்டனர்.

தோற்றம்

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், செஞ்சி நாயக்கர்களின் ஆட்சிப் பகுதியாக இருந்த இக்கரையில் போர்த்துகீசியர் குடியேறினர். போர்த்துகீசியக் குடும்பங்கள், மரைக்காயர்கள், செட்டியார்கள், நெசவாளர்கள், மீனவர்கள் ஆகியோர் அடுத்தடுத்து வாழ்ந்த குடியிருப்பாக ஊர் வளர்ந்தது. எந்த ஒரு ஐரோப்பிய அரசின் கோட்டைக்குள்ளும் அடங்காமல், உள்நாட்டு ஆட்சியாளரின் சுங்கத்துக்கு மட்டும் கட்டுப்பட்ட துறையாக இருந்ததால் பல நாட்டு வணிகர்களும் இங்கு வர முடிந்தது.

வணிக முறை

சந்தையின் முதன்மைச் சரக்கு துணி. புவனகிரி, சிதம்பரம் போன்ற உள்நாட்டு ஊர்களின் தறிகளிலிருந்து அது வந்தது. வணிகர்களும் தரகர்களும் நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்து, குறித்த நீள அகலத்தில் துணி நெய்து வாங்கினர். வந்த துணியைத் தரம் பார்த்துப் பிரித்து, வெளுத்து அல்லது அவுரிச் சாயம் ஏற்றி, பொதி கட்டிக் கிட்டங்கிகளில் அடுக்கினர். அச்சே, கெடா, மலாக்கா, பெகு ஆகிய துறைகளே இத்துணியின் பெரிய வாடிக்கையாளர்கள். திரும்பும் கப்பல்களில் வெள்ளீயம், மிளகு, பாக்கு, சாம்பிராணி முதலியவை வந்தன; மலாய்க் கரையிலிருந்து யானைகளும் ஏற்றி வரப்பட்டன.

பெரிய கப்பல்கள் ஆற்று முகத்தின் மணல்திட்டைத் தாண்டி உள்ளே வர இயலாது. அவை கடலில் நங்கூரமிட்டு நிற்க, பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகள் அலையைக் கடந்து சரக்கைக் கொண்டு சேர்த்தன. சிறு தோணிகள் மட்டுமே ஆற்றுக்குள் நுழைந்தன. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்த கடலில் கப்பல் நிறுத்துவது ஆபத்து. எனவே கொள்முதல், கடன் தவணை, கப்பல் புறப்பாடு எல்லாம் பருவக்காற்றை ஒட்டியே அமைந்தன.

இத்துறையின் பெயரைத் தாங்கிய ‘போர்ட்டோ நோவோ வராகன்’ என்ற பொன் நாணயம் கரையெங்கும் புழங்கியது. வணிகச் செல்வம் இலக்கியத்துக்கும் உதவியது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் நிறைவேற ஆதரவளித்தவர் இவ்வூர் வணிகர் அபுல் காசிம் மரைக்காயர். புலவர் அவரைக் காப்பியத்தின் பல இடங்களில் பாராட்டியுள்ளார்.

கம்பெனிகளின் போட்டி

1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றியபின் துறை மராத்தியர் வசமானது. டச்சுக்காரர்களும் டேனியர்களும் இங்கு வணிகச் சாவடி வைத்தனர். 1680களில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும் வந்தது. 1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்ட ஆங்கிலேயர், தம் வணிகத்தை அங்கு குவித்தனர்.

1733இல் சுவீடன் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் வந்தவர்கள் பரங்கிப்பேட்டையில் சாவடி திறந்தனர். புதிய போட்டியாளரை விரும்பாத ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், தமக்குள் இருந்த பகையை ஒதுக்கிவைத்து ஒன்றாகப் படை அனுப்பி அச்சாவடியைத் தாக்கிச் சரக்கைப் பறிமுதல் செய்தனர். யார் வேண்டுமானாலும் வந்து விற்கலாம் என்ற நிலை முடிவுக்கு வருவதை அந்நிகழ்ச்சி காட்டியது.

இரண்டாம் மைசூர்ப் போரின் தொடக்கத்தில், 1780இல், மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியின் படை ஊரைக் கொள்ளையிட்டது. 1781 ஜூலை 1 அன்று சர் அயர் கூட் தலைமையிலான சுமார் 8,000 பேர் கொண்ட ஆங்கிலக் கம்பெனிப் படை, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய ஹைதரின் படையைப் பரங்கிப்பேட்டை அருகே தோற்கடித்தது. 1801இல் இவ்வூரை உள்ளடக்கிய கர்நாடகப் பகுதி முழுவதும் கம்பெனி ஆட்சிக்குள் வந்தது.

இரும்பாலையும் சரிவும்

1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் இங்கு இரும்பு உருக்காலை தொடங்கினார். சேலம் பகுதியின் காந்தக் கல்லும் தென்னார்க்காட்டுக் காடுகளின் மரக்கரியும் அதன் மூலப்பொருள்கள். இரும்பு இங்கிலாந்துக்கும் ஏற்றுமதியானது. காடுகள் குறைந்து கரி கிடைப்பது அரிதானதும், தொலைவிலிருந்து கனிமம் கொண்டுவரும் செலவும் சேர்ந்து ஆலையை முடக்கின.

துணி வணிகத்தை இங்கிலாந்து ஆலைத் துணி சரித்தது. நீராவிக் கப்பல்கள் ஆழமான துறைகளை நாடின. சென்னையில் செயற்கைத் துறைமுகம் அமைந்தது. இருப்புப்பாதை சரக்கை அங்கு இழுத்துச் சென்றது. மணல்திட்டு அடைத்த வெள்ளாற்று முகத்தால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

துறை சரிந்தாலும் இவ்வூர் வணிகர்கள் முன்பே கட்டிய கடல்வழித் தொடர்புகள் அறுபடவில்லை. பினாங்கில் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் தலைவராகி, 1801இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை நிறுவிய காதர் முகைதீன் மரைக்காயர் பரங்கிப்பேட்டையிலிருந்து சென்றவர்.

இன்றைய நிலை

பரங்கிப்பேட்டை இன்று ஒரு பேரூராட்சி. பழைய பள்ளிவாசல்களும் தர்காக்களும் அதன் வணிகக் காலத்தை நினைவூட்டுகின்றன. மீன்பிடித்தலும் மீன் வணிகமும் முக்கியத் தொழில்கள். வெளிநாடுகளில் பணிபுரிவோர் அனுப்பும் பணமும் ஊரின் பொருளாதாரத்தைத் தாங்குகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையோர மீனவக் குடியிருப்புகளைப் பெரிதும் தாக்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்று முகத்தில் செயல்பட்டு வருகிறது.