மிச்சமானா வட்டி, மீறினா வட்டி: செட்டிநாட்டு வீடுகளுக்குள்ள இருந்த கணக்கு

இந்த எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயத்தை ஒத்துக்கிறேன். போன மாசக் கடைசியில என் யூபிஐ ஹிஸ்டரியை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். பெருசா எதுவும் வாங்கல. 180 ரூபா, 249 ரூபா, 320 ரூபா, அவ்வளவுதான். ஆனா மொத்தம் கூட்டினா வீட்டு வாடகையைத் தாண்டியிருந்தது. நம்ம எல்லாரும் சொல்றதைத்தான் நானும் எனக்குள்ள சொல்லிக்கிட்டேன்: "எனக்கு மனக்கட்டுப்பாடு பத்தல."

அடுத்த வாரம் காரைக்குடி போயிருந்தேன். அங்க முனீஸ்வரன் கோவில் தெருவுல வரிசையா பழம்பொருள் கடைகள் இருக்கு. தேக்குத் தூண், செதுக்கின கதவு, எனாமல் தூக்குவாளி, பீங்கான் ஜாடி, ரசம் போன கண்ணாடி, பழைய குடும்பப் படங்கள் எல்லாம் அடுக்கி வச்சிருப்பாங்க. ஒரு எனாமல் அடுக்கு கேரியரைக் கையில எடுத்து, "அண்ணே, இது எவ்வளவு?"ன்னு கேட்டேன். "மூவாயிரத்து ஐந்நூறு தம்பி. கல்யாணச் சீர்ல வந்த சாமான். இப்ப இந்த மாதிரி கிடைக்காது"ன்னார். என் கை தானா போன் இருக்கிற பாக்கெட்டுக்குப் போச்சு.

அப்பதான் ஒரு கேள்வி வந்தது. கணக்குக்குப் பேர்போன ஊர் இது. பைசா பைசாவா எழுதி வச்ச ஜனங்க. உலகத்துல எங்கெங்கிருந்தோ மரமும் பளிங்கும் கொண்டுவந்து அரண்மனை மாதிரி வீடு கட்டினதும் அதே ஜனங்கதான். இப்ப அந்த வீடுகளோட கதவும் தூணும் கடையில நிக்குது. இவங்க சிக்கனக்காரங்களா, ஊதாரிகளா? இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல சிக்கனம். நகரத்தார் அல்லது நாட்டுக்கோட்டைச் செட்டியார்னு சொல்ற சமூகத்துல கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு 'புள்ளி'. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டின்னு மொத்தம் ஒன்பது கோவில்கள். ஒவ்வொரு குடும்பமும் அதுல ஒண்ணைச் சேர்ந்தது. கோவிலுக்கு வரி கொடுக்கிறதும் புள்ளிக் கணக்குலதான். அதாவது ஒருத்தருக்குக் கல்யாணம் ஆச்சுன்னா, அப்பா வீட்டுலயே இருந்தாலும் கோவில் ஏட்டுல அவர் தனி.

வீட்டுக்குள்ளயும் அதே கதைதான். கல்யாணம் முடிஞ்சு கொஞ்ச காலத்துல மகனையும் மருமகளையும் 'வேறு வைப்பாங்க'. இதைக் கேட்டதும் தனிக்குடித்தனம்னு நினைச்சுடாதீங்க. கூரை அதேதான், முற்றமும் அதேதான், அடுப்பு மட்டும் வேற. செட்டிநாட்டு வீடுகள்ல நடு முற்றத்தைச் சுத்தி இருக்கிற பகுதியை 'வளவு'ன்னு சொல்வாங்க. அந்த வளவைச் சுத்தி வரிசையா அறைகள். கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொரு அறை. பத்து ஜோடி ஒரே வீட்டுல இருப்பாங்க. பத்து அடுப்பு எரியும்.

சென்னை அருங்காட்சியகத்துல இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியோட சேர்ந்து 1909-இல் ஏழு தொகுதியா ஒரு நூல் வெளியிட்டார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பத்தினது. அதுல இந்த ஏற்பாட்டைப் பத்தி வர்ற விவரம் எனக்கு ஆச்சரியமா இருந்தது. மகனுக்குக் கல்யாணம் ஆனதும், அவனோட நிலைமைக்கும் குடும்ப அளவுக்கும் தக்கபடி ஒரு தொகை ஒதுக்குவாங்களாம். அரிசி மாதிரியான சாமானை வருஷத்துக்கு ஒரே தடவை அளந்து கொடுத்துடுவாங்க. விருந்தாளி வந்தா, யாரைத் தேடி வந்தாங்களோ அவங்க பங்குலதான் சாப்பாடு. கணவனை இழந்த ஆச்சி, எத்தனை மகன் இருந்தாலும், தனியா சமைச்சுச் சாப்பிடுவாங்க.

இதை விட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. ஒதுக்கின தொகையைத் தாண்டி மகன் செலவு பண்ணினா யாரும் திட்டமாட்டாங்க. அந்த அதிகப்படித் தொகை, பின்னாடி அவனுக்கு வரப்போற சொத்துப் பங்குல பற்று எழுதப்படும். அதுக்கு வட்டியும் உண்டு. மிச்சம் பிடிச்சா அதுக்கும் வட்டி கிடைக்கும்.

எல்லா வீட்டுலயும் இதே கண்டிப்பு இருந்திருக்கும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா இந்த முறையோட புத்திசாலித்தனத்தைப் பாருங்க. நம்ம கிரெடிட் கார்டும் மீறின செலவுக்கு வட்டி போடுது, பெரும்பாலும் மாசத்துக்கு மூணு சதவீதத்துக்கு மேலேயே. ஆனா நாம சும்மா இருந்தா அந்தக் கார்டு நமக்கு ஒண்ணும் தராது. செட்டிநாட்டு வீட்டுக் கணக்குல ரெண்டு பக்கமும் வட்டி ஓடுது. இன்னொரு பட்டுப்புடவை வேண்டாம்னு விட்டா, அந்தப் பணம் எங்கயோ காணாமப் போகாது. உங்க பேர்ல, உங்க ஏட்டுல வளரும். அடுத்த அறையில இருக்கிற கொழுந்தனார் குடும்பம் என்ன செலவு பண்ணினாலும் உங்க பங்கு குறையாது.

இந்தப் பழக்கம் தொழில்ல இருந்து வந்தது. பர்மா, இலங்கை, மலாயான்னு இவங்களோட லேவாதேவிக் கடைகள் இருந்தன. கடையில சேர்ற பையனுக்குப் பேர் 'பெட்டியடிப் பையன்'. அங்கிருந்து 'அடுத்தாள்', அப்புறம் 'மேலாள்'. மேலாள் பொதுவா மூணு வருஷ ஒப்பந்தத்துல கப்பலேறுவார். மனைவி, பிள்ளைங்க ஊர்லயே இருப்பாங்க. அன்னன்னைக்கு நடக்கிற வரவு செலவு நாள்வழி ஏட்டுல ஏறும். அங்கிருந்து பேரேட்டுல ஆளாளுக்குத் தனித்தனிக் கணக்கா பிரியும். லாபத்துல கோவிலுக்கும் தர்மத்துக்கும் போற பங்குக்கு 'மகமை'ன்னு பேர், அதுக்கும் ஏட்டுல தனிக் கணக்கு. சாமிக்கே கணக்கு இருக்கிற இடத்துல மகனுக்கும் மருமகளுக்கும் இல்லாம இருக்குமா?

இப்ப மறுபக்கத்துக்கு வருவோம். இவ்வளவு கணக்குப் பார்த்தவங்க ஏன் அவ்வளவு பெரிய வீடு கட்டினாங்க?

கானாடுகாத்தானோ காரைக்குடியோ போனீங்கன்னா பார்க்கலாம். ஒரு தெருவுல முகப்பு, பின்வாசல் அடுத்த தெருவுல. பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடித் தரை. சுவருக்குச் சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சு. கல்யாணம் வந்தா மருமகள் கொண்டுவர்ற சீர்ச் சாமானை ஊர் பார்க்கப் பரப்பி வைப்பாங்க. எண்ணிக் கணக்கெடுத்துப் பட்டியலும் எழுதுவாங்க. நான் கையில எடுத்த கேரியர் ஒரு காலத்துல அப்படி ஒரு வரிசையில இருந்திருக்கலாம்.

இதுக்கு ஒரு தொழில் காரணமும் இருந்தது. அடுத்தவங்க பணத்தை நம்பிக்கையில வாங்கித்தான் இவங்க வட்டிக்கு விட்டாங்க. கடையோட பேரை 'விலாசம்'னு சொல்வாங்க. முன்னோர்களோட பேர்ல இருந்து எடுத்த சில முதலெழுத்துகள்தான் அந்த விலாசம். அந்த எழுத்துகளை நம்பி ஒருத்தர் தன் சேமிப்பைக் கொடுக்கணும்னா, அந்தக் குடும்பம் அசையாம நிக்குதுன்னு தெரியணும். பெரிய வீடு அதைச் சொல்லாமச் சொல்லிச்சு. அந்த வகையில வீடு ஒரு விளம்பரச் செலவு.

ஆனா விளம்பரத்துக்கு எங்க முடிவு? பக்கத்து வீட்டுல ரெண்டு கட்டுன்னா நமக்கு மூணு கட்டு. அரிசிக்கு வருஷத்து அளவு இருந்தது. கௌரவத்துக்கு அப்படி எந்த அளவும் இல்ல. மகனோட கைச்செலவு தாண்டினா அவன் பங்குல பற்று எழுதினவங்க, முழுக் குடும்பமும் சேர்ந்து கௌரவத்துக்காகத் தாண்டினப்போ அதை யார் பங்குல எழுதுவாங்க? அதுக்குப் பேரேட்டுல பக்கம் இல்ல.

வருமானம் வந்துக்கிட்டே இருந்தவரைக்கும் இது தெரியல. 1930 வாக்கில பர்மாவுல மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள், 75 கோடி ரூபா மூலதனம்னு பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. அப்புறம் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. பர்மிய விவசாயிகளால கடனைக் கட்ட முடியல. அடமானம் வச்ச நிலம் கடன் கொடுத்தவங்க கைக்கு வந்தது. கீழ் பர்மாவோட முக்கிய நெல் மாவட்டங்கள்ல 1930-இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள்கிட்ட இருந்தது. 1938-க்குள்ள அது சுமார் 25 சதவீதம் ஆச்சு.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். அந்த 25 சதவீதத்துக்குப் பின்னாடி நிலத்தை இழந்த பர்மியக் குடும்பங்கள் இருக்கு. செட்டிநாட்டு வளவோட அழகைப் பத்திப் பேசும்போது அவங்களை விட்டுட்டுப் பேச முடியாது. வீட்டுக்குள்ள கடனை அவ்வளவு கவனமா கையாண்ட சமூகம், வெளியில கடன் கொடுத்துத்தான் வாழ்ந்தது.

செட்டியார்களுக்கும் அந்த நிலம் லாபமா அமையல. கையில சுழல வேண்டிய பணம் அயல்நாட்டு மண்ணுல போய் மாட்டிக்கிச்சு. சிலர் வேற வழி தேடினாங்க. 1937 பிப்ரவரி 10-இல் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன்னு மூணு ஊர்ல ஒரே நாள்ல தொடங்கினார். பலருக்கு அந்த அவகாசம் கிடைக்கல. 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்ல குண்டு போட்டன. லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினாங்க, நிறையப் பேர் நடந்தே. 1948-இல் பர்மா விடுதலை அடைஞ்சது, நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டமும் வந்தது. 1963-64-இல் நெ வின் ஆட்சி வங்கிகளையும் வணிகத்தையும் எடுத்துக்கிச்சு.

இதுல ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். அவங்க பணம் வீடு கட்டினதால போகல. பெரும்பகுதியை ஒரே நாட்டுல, ஒரே பயிரை நம்பி வச்சதாலயும், போராலயும் அரசியலாலயும் போச்சு. ஆனா போனதுக்கு அப்புறம் மிச்சம் இருந்தது வீடுதான். வீடு வருமானம் தராது, செலவு கேட்கும். ஓடு மாத்தணும், மரத்துக்குக் கறையான் பார்க்கணும். மகன்களுக்கெல்லாம் சமபங்கு, அப்புறம் அவங்க மகன்களுக்கு. இப்படி மூணு தலைமுறையில ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். விக்கணும்னா எல்லாரும் சம்மதிக்கணும், பழுது பார்க்கணும்னா எல்லாரும் பணம் போடணும். ரெண்டும் நடக்காத வீடுகள் பூட்டியே கிடக்கு. கல்யாணத்துக்கும் சாமி கும்பிடறதுக்கும் மட்டும் திறப்பாங்க. சில வீடுகள் ஹோட்டலா மாறிப் பிழைச்சன. மத்தது பிரிச்சு எடுக்கப்பட்டு, முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வந்தது.

அப்போ இவங்க சிக்கனக்காரங்களா, ஊதாரிகளா? நான் கேட்டதே தப்பான கேள்வின்னு இப்ப தோணுது. ஒரே ஆளுங்க, ஒரே மனசுதான். அளவு முன்கூட்டியே குறிச்ச இடத்துல சிக்கனமா இருந்தாங்க. அளவே இல்லாத இடத்துல மத்த எல்லாரையும் மாதிரி நடந்துக்கிட்டாங்க. அவங்களோட கட்டுப்பாடு மனசுல இருந்ததை விட ஏட்டுல அதிகமா இருந்தது.

என் யூபிஐக்குத் திரும்பி வர்றேன். என் சம்பளம் முழுசும் ஒரே கணக்குல விழுது. வாடகை, சாப்பாடு, அம்மாவுக்கு அனுப்பறது, ராத்திரி பதினொரு மணிக்கு ஆர்டர் பண்ற பிரியாணி எல்லாம் அதுல இருந்துதான். பத்து பேருக்கும் ஒரே அடுப்பு. எது எதைத் தின்னுச்சுன்னு எப்படித் தெரியும்? அதனால இந்த மாசம் நானே என்னை 'வேறு வச்சேன்'. சம்பளம் வந்த அன்னைக்கே செலவுக்குன்னு ஒரு தொகையைப் பிரிச்சு இன்னொரு கணக்குக்கு மாத்தினேன். போன்ல யூபிஐ அந்தக் கணக்கோட மட்டும்தான் இணைஞ்சிருக்கு. நண்பர்களுக்கு ட்ரீட்னாலும் அதுல இருந்துதான், என் விருந்தாளி என் பங்கு. மாசக் கடைசியில மிச்சம் இருந்தா சேமிப்புக்குப் போகும். தாண்டினா அடுத்த மாசத்துப் பங்குல குறையும், நானே எழுதிக் கழிப்பேன்.

இதுல எனக்குக் கஷ்டமா இருந்தது பிரியாணி இல்ல. என்னோட 'வீடு' எதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். அதாவது, செலவுன்னே தோணாம, "இது இல்லாட்டி நாலு பேர் என்ன நினைப்பாங்க"ன்னு நான் அளவு வைக்காம விட்ட இடம். எனக்கு அது போன். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தறேன், தவணையில. உங்களுக்குக் கல்யாணமா இருக்கலாம், பைக்கா இருக்கலாம். அதுக்கும் ஏட்டுல ஒரு பக்கம் போட்டு, மேல ஒரு தொகையை எழுதி வைங்க.

அந்த எனாமல் கேரியரா? அன்னைக்கு வாங்கல. கடைக்காரர்கிட்ட, "அடுத்த மாசம் வர்றேண்ணே"ன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே, "இருந்தா தர்றேன் தம்பி"ன்னார்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.