முடிவெடுத்தலும் முடித்துக்காட்டலும்

ஆட்சித் திறத்தை வகுத்துரைக்க வந்த திருவள்ளுவர், தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல் என்னும் அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். பின்னர் அமைச்சின் இயல்பைக் கூறுமிடத்தில் வினைத்திட்பத்தை வைத்தார். ஆராய்ந்து துணிவது ஒரு திறம். துணிந்ததைத் தளராது முடிப்பது மற்றொரு திறம் என்பது இதனால் விளங்கும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த வரலாறு ஒன்று நம் சிங்கப்பூரிலேயே உண்டு. பெருவிரைவு ரயில் பிறந்த வரலாறே அது. அதன் பயனை முதன்முதலில் நுகர்ந்த ஊர்களுள் ஆங் மோ கியோவும் ஒன்று.

1967இல் நகரமைப்பு ஆய்வாளர்கள், 1992ஆம் ஆண்டளவில் சிங்கப்பூருக்கு ரயில் போக்குவரத்துத் தேவைப்படும் எனக் கணித்தனர். 1973இல் ஆங் மோ கியோ புதுநகர் எழத் தொடங்கியது. தோ பாயோவை அடுத்து இங்கும் அடுக்குமாடி வீடுகள் பெருகின. நகரின் நடுப்பகுதிக்கு வேலைக்குச் செல்வோர் அனைவரையும் சாலைகளால் மட்டும் சுமக்க இயலுமா என்னும் வினா வலுத்தது.

ஆயினும், ரயில் அமைக்க ஏறத்தாழ 500 கோடி வெள்ளி வேண்டும். நாடு அதுவரை கண்டிராத பெருஞ்செலவு அது. தவறினால் ஒரு தலைமுறையே அச்சுமையைத் தாங்க நேரிடும். எனவே அமைச்சரவைக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. பொருளியல் அறிஞரான துணைப் பிரதமர் கோ கெங் சுவீ, பேருந்துகளைப் பெருக்கினாலே போதும் என்னும் பக்கம் நின்றார். கட்டடக் கலையும் நகரமைப்பும் பயின்ற அமைச்சர் ஓங் டெங் சியோங், ரயிலே வேண்டும் என வாதிட்டார். 1980இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறிஞர் குழுவொன்று பேருந்தே தகும் எனப் பரிந்துரைத்தது. இவ்விவாதம் தொலைக்காட்சி வழியாக மக்கள் முன்னிலைக்கும் வந்தது.

இங்கேதான் தலைமையின் பண்பு வெளிப்படுகிறது. எதிர்ப்புரை வந்ததும் அதனை அடக்க முற்படவில்லை; புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தார் கூறினர் என்பதற்காக அதனை அப்படியே ஏற்கவும் இல்லை. மீண்டும் விரிவான போக்குவரத்து ஆய்வு நடத்தப்பெற்றது. பேருந்துகளை மட்டும் நம்பினால் நகரின் நடுப்பகுதிச் சாலைகள் அவற்றைத் தாங்கமாட்டா என அவ்வாய்வு காட்டியது. நிலமோ சிறிது, சாலைகளை வேண்டுமளவு அகலப்படுத்த இடமில்லை. நிலைமையைத் தெளிந்த பின்னரே, 1982 மே மாதத்தில் ரயில் அமைக்க அரசு முடிவு செய்தது.

முடிவுக்குப் பின் தயக்கம் இல்லை. 1983இல் பெருவிரைவு ரயிலுக்கெனத் தனிக் கழகம் நிறுவப்பெற்றது. அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் கட்டுமானப் பணி தொடங்கியது. முழுப் பாதையும் முடியட்டும் என்று காத்திராமல், முடிந்த பகுதியை உடனே பயனுக்குக் கொணர்ந்தனர். 1987 நவம்பர் 7ஆம் நாள் இயோ சூ காங், ஆங் மோ கியோ, பீஷான், பிரேடல், தோ பாயோ ஆகிய ஐந்து நிலையங்களை இணைத்து 6 கிலோமீட்டர் தொலைவுக்கு ரயில் ஓடியது. 1990 ஜூலையில் 67 கிலோமீட்டர் நீளமும் 42 நிலையங்களும் கொண்ட முழு அமைப்பும், குறித்த காலத்திற்கு இரண்டாண்டுகள் முன்னதாகவே நிறைவுற்றது.

இவ்வாறாயின், பேருந்தை வற்புறுத்தியோர் தோற்றனர் எனலாமா? அவ்வாறு கூறுவது பொருந்தாது. அவர்கள் எழுப்பிய வினாக்களே, செலவையும் பயனையும் மீண்டும் நிறுத்துப் பார்க்கச் செய்தன. இன்றும் ஆங் மோ கியோ மக்களை நிலையத்தின் வாயிலுக்குக் கொணர்ந்து சேர்ப்பதில் பேருந்துக்குப் பெரும்பங்கு உண்டு. இடித்துரைப்போர் தலைவனுக்கு எத்துணை இன்றியமையாதவர் என்பதைப் பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரம் அன்றே உணர்த்தியது.

ஆசிரியர் கூட்டத்திலும் மாணவர் மன்றத்திலும் அனைவரும் தலையசைத்தால் அதனை ஒற்றுமை என மகிழ்கிறோம். மறுத்துப் பேசும் மாணவனை அடங்காதவன் என்கிறோம். நாளை பெரும்பணிகளுக்குப் பொறுப்பேற்கவிருக்கும் இளையர், மாற்றுக் கருத்தைப் பொறுமையுடன் கேட்கவும், சான்றுகொண்டு தெளியவும், தெளிந்தபின் உறுதியுடன் நிற்கவும் பள்ளியிலேயே பழகவேண்டும். அப்பயிற்சியை அளிப்பது நம் கடமையாகும்.