உயரத் தரவும் விளையாட்டு நிலமும்: புதுக்கோட்டைக் கண்மாய் நிலத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

விண்ணிலிருந்து திரட்டப்பட்ட உயரத் தரவுகள் இன்று நிகழ்பட விளையாட்டுகளின் நிலத்தை உருவாக்கும் மூலப்பொருளாக விளங்குகின்றன. இத்தரவு உருவான வரலாற்றையும், அது விளையாட்டு நிலமாக மாறும் முறையையும் புதுக்கோட்டை மாவட்டத்தோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது. இயற்கை அமைத்த குன்றுகளை ஓரளவு தக்கவைக்கும் இத்தரவு, மனிதர் அமைத்த கண்மாய்க் கரைகளையும் குடைவரைகளையும் இழந்துவிடுகிறது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: உயரத் தரவு, நிகழ்பட விளையாட்டு, புதுக்கோட்டை, கண்மாய், குமிழித் தூம்பு, குடைவரை.

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டம் 1974ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் உருவாக்கப்பட்டது. மேற்கே சற்று உயர்ந்து, கிழக்கே பாக்கு நீரிணையை நோக்கி மெல்லச் சரியும் நிலம் இது. வெள்ளாற்றின் வடபுறம் கோனாடு என்றும் தென்புறம் கானாடு என்றும் வழங்கப்பட்டன. வற்றாத ஆறு இல்லாத இந்நிலத்தில் வேளாண்மை நிலைத்ததற்குக் காரணம் ஆயிரக்கணக்கான கண்மாய்களும் குளங்களும் ஏந்தல்களுமே. ஒரு கண்மாயின் மிகைநீர் கலிங்கு வழியே அடுத்த கண்மாய்க்குச் செல்லும். இச்சங்கிலித்தொடர் சிறு உயர வேறுபாட்டை நுட்பமாகக் கணித்து அமைக்கப்பட்டதாகும்.

உண்மையான நிலத்தின் உயரத் தரவைக் கொண்டு விளையாட்டு நிலம் அமைப்போர், இத்தகைய நிலத்தை எடுத்துக்கொண்டால் என்ன நிகழும்? இவ்வினாவுக்கு விடை காண, தரவின் வரலாற்றிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

உயரம் அளக்கப்பட்ட வரலாறு

தென்னிந்தியாவில் முறையான முக்கோண நில அளவை 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்ததிலிருந்து தொடங்குகிறது. அளவை நிலையங்கள் ஒன்றையொன்று காண உயரமான இடங்கள் தேவைப்பட்டன. குன்றுகள் உள்ள பகுதிகளில் அவையே நிலையங்களாயின. குன்றில்லாத காவிரிச் சமவெளியில் கோயில்களின் உயரம் பயன்பட்டது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு ஏறத்தாழ அரை டன் எடையுள்ள கோணமானியைத் தூக்கும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமுற்றது. உயர்ந்த புள்ளிகளைப் பற்றிக்கொண்டு நிலத்தை அறியும் இம்முறையில் தாழ்ந்த, தட்டையான நிலம் தொடக்கத்திலேயே இடர்ப்பாடாக அமைந்ததை இந்நிகழ்வு காட்டுகிறது.

அடுத்த பெருமாற்றம் விண்ணிலிருந்து வந்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாள் பயணத்தில் ரேடார் அலைகளால் புவியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அளந்தது. வட அகலாங்கு 60 பாகைக்கும் தென் அகலாங்கு 56 பாகைக்கும் இடைப்பட்ட நிலம் இதில் அடங்கும். எஸ்.ஆர்.டி.எம். எனப்படும் இத்தரவு முதலில் உலகின் பிற பகுதிகளுக்கு 90 மீட்டர் இடைவெளியிலும், 2014 முதல் படிப்படியாக 30 மீட்டர் இடைவெளியிலும் இலவசமாக வெளியிடப்பட்டது. 2005ஆம் ஆண்டு மே 5இல் ஏவப்பட்ட இந்தியாவின் கார்டோசாட்-1, இரு ஒளிப்படக் கருவிகளால் ஒரே இடத்தை இரு கோணங்களில் படமெடுத்து உயரம் கணிக்க உதவியது. அதன் தரவு புவன் தளத்தின் வழிக் கிடைக்கிறது.

இவற்றால் விளையாட்டுத் துறையும் பயனடைந்தது. 1982இல் வெளிவந்த மைக்ரோசாப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் முதல் பதிப்பில் நிலம் எளிய கோடுகளாகவே தோன்றியது. 2020ஆம் ஆண்டுப் பதிப்பு செயற்கைக்கோள் படங்களையும் உயரத் தரவையும் இணைத்து உலகம் முழுவதையும் பறந்து காணத்தக்க நிலமாக்கியது.

தரவு நிலமாகும் முறை

விளையாட்டு எந்திரங்கள் நிலத்தைப் பெரும்பாலும் ஹைட்மேப் எனப்படும் சாம்பல்நிறப் படமாகப் பெற்றுக்கொள்கின்றன. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் இடத்தைக் குறிக்கும். கருமை தாழ்வையும் வெண்மை உயர்வையும் உணர்த்தும். யூனிட்டி எந்திரத்தில் 513 புள்ளிக்கு 513 புள்ளி என்ற அளவிலான படத்தை 30 மீட்டர் தரவிலிருந்து எடுத்தால், அது 15.36 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தைக் காட்டும்.

உயரத்தை எத்தனை படிநிலைகளாகப் பிரிப்பது என்பதும் முக்கியமானது. 8 பிட் படத்தில் 256 படிநிலைகளே உண்டு. 512 மீட்டர் உயர வீச்சை அதில் அடக்கினால் ஒரு படி 2 மீட்டராகும். 16 பிட் படத்தில் 65,536 படிநிலைகள் இருப்பதால் அதே வீச்சில் ஒரு படி 8 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் இந்நுட்பம் கொள்கலத்தின் நுட்பமேயன்றித் தரவின் நுட்பமன்று. எஸ்.ஆர்.டி.எம். உயரத்தை முழு மீட்டர் எண்களாகவே பதிவு செய்கிறது. ஆகவே சமவெளியில் நிலம் ஒரு மீட்டர் உயரப் படிக்கட்டுகளாகத் தோன்றும். அதை மறைக்க நிலம் மென்மையாக்கப்படும்போது எஞ்சியிருந்த சிறு மேடுகளும் கரைந்துபோகின்றன.

கரையும் குடைவரையும்

கண்மாய்க் கரையொன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். உயரம் 3 மீட்டர், உச்சியின் அகலம் 3 மீட்டர், அடியின் அகலம் 15 மீட்டர் எனில், அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 27 சதுர மீட்டர். 30 மீட்டர் அகலமுள்ள தரவுக் கட்டத்தில் அது பரவும்போது சராசரி உயர்வு 0.9 மீட்டர் மட்டுமே. எஸ்.ஆர்.டி.எம். திட்டத்துக்கு வகுக்கப்பட்ட செங்குத்துப் பிழை வரம்போ 16 மீட்டர். அண்டைப் புள்ளிகளுக்கிடையிலான பிழை இதைவிடக் குறைவாயினும், இக்கரையைப் பிரித்தறிய அது போதாது. மேலும் இந்த ரேடார் அலை அடர்ந்த மர உச்சியை முழுமையாக ஊடுருவாது. எனவே தைலமரத் தோப்பு மேடாகப் பதிவாகலாம். அதனருகிலுள்ள கரை பதிவாகாமல் போகலாம்.

அளவை நடந்த காலமும் கருதத்தக்கது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின்வரும் பிப்ரவரியில் கண்மாய்களில் பொதுவாக நீர் நிற்கும். அமைதியான நீர்ப்பரப்பிலிருந்து ரேடார் அலை சரிவரத் திரும்புவதில்லை. திருத்திய பதிப்பில் 600 மீட்டருக்கு மேல் நீளமான நீர்நிலைகள் ஒரே உயரமுள்ள தட்டையான பரப்புகளாக்கப்பட்டன. ஆகவே பெரிய நீர்நிலைக்கு மட்டம் உண்டு, ஆழம் இல்லை. சிறிய குளத்துக்கு இத்திருத்தமும் கிட்டவில்லை.

குன்றுகளின் நிலை வேறு. சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் ஆகியவற்றின் பாறைகள் விளிம்பு மழுங்கினாலும் தரவில் தெரிகின்றன. ஆனால் ஹைட்மேப்பில் ஓரிடத்துக்கு ஓர் உயரமே இருக்க இயலும். மேலே பாறை, கீழே வெற்றிடம், அதன் கீழே தரை என்னும் அமைப்பை அதில் எழுத முடியாது. எனவே சித்தன்னவாசலின் அறிவர் கோயிலும், சமணப் படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டும் உள்ள ஏழடிப்பட்டமும், திருமயத்தின் குடைவரைகளும் விளையாட்டு நிலத்தில் வெறும் பாறைச் சரிவுகளாகிவிடும்.

இழப்பு எங்கு நேர்கிறது என்பது இதனால் தெளிவாகிறது. பாறை எஞ்சுகிறது, பாறையில் மனிதர் குடைந்தது மறைகிறது. சரிவு எஞ்சுகிறது, சரிவில் மனிதர் நீரை நிறுத்திய கரை மறைகிறது.

மீட்கும் வழி

மறைந்தவை வேறு ஆவணங்களில் உள்ளன. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடங்கள் ஏரிக் கரைகளைத் தனிக் குறியீட்டால் காட்டுகின்றன. அடித்தளத்திலிருந்து கரையின் உயரத்தை ஓர் எண்ணுடன் 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்தைச் சேர்த்துக் குறிக்கும் மரபும் அவற்றில் உண்டு. விண்கலம் காணாத உயரத்தை அளவையர் நடந்து சென்று எழுதிய குறிப்பு அது. வருவாய்த் துறையின் புலப்படங்கள் நீர்நிலை, வாய்க்கால் ஆகியவற்றின் எல்லைகளைத் தருகின்றன. 1929இல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் வெளியிட்ட கல்வெட்டுப் பாடத் தொகுப்பில் ஏரி, தூம்பு, கலிங்கு பற்றிய செய்திகள் இடம்பெறுகின்றன.

குமிழித் தூம்பு இங்குத் தனியே குறிப்பிடத்தக்கது. கண்மாயின் உள்ளே நிற்கும் இரு கல் தூண்களும், நீரோடித் துளையும், சேறோடித் துளையும், கரைக்கடியில் செல்லும் சுருங்கையும் கொண்ட இவ்வமைப்பு, நீரையும் வண்டலையும் ஒருங்கே வெளியேற்றும் பொறியியல் ஆகும். எந்த உயரத் தரவிலும் இது இராது. ஆதலால் உயரத் தரவை அடித்தளமாகக் கொண்டு, கரைகளை வரைபடத்திலிருந்து கோடுகளாக எடுத்து உயர்த்தி, தூம்பையும் குடைவரையையும் தனி முப்பரிமாண உருக்களாகப் பொருத்துவதே தக்க முறையாகும். கலிங்கின் மட்டம் சரியாக அமைந்தாலன்றி நீர் அடுத்த கண்மாய்க்குச் செல்லாது. அம்மட்டத்தை அறிய ஊர் நீர்பாய்ச்சிகளின் அறிவும் வேண்டும்.

இம்முயற்சிக்குச் சட்டச் சூழலும் இசைவாக உள்ளது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 15இல் இந்திய அரசு வெளியிட்ட புவிசார் தரவு நெறிமுறைகள், செங்குத்தாக 3 மீட்டரைவிட நுண்ணிய தரவையும் இந்திய நிறுவனங்கள் திரட்ட வழிவகுத்தன. அந்த 3 மீட்டர் மேற்காட்டிய கண்மாய்க் கரையின் உயரத்துக்குச் சமமாகும்.

முடிவுரை

உண்மை நிலத்தின் தரவு என்பதாலேயே விளையாட்டு நிலம் உண்மையாகிவிடாது. தரவு எதை அளக்கப் புறப்பட்டதோ அதையே தரும். புதுக்கோட்டையை அத்தரவால் மட்டும் உருவாக்கினால், குன்றுகள் நிற்கும், நீர் நிற்காது. ஒரு நிலத்தை விளையாட்டின் வழியே முதன்முதலாகக் காணும் இளையோர்க்கு அது மனித உழைப்பில்லாத வறண்ட வெளியாகவே அறிமுகமாகும். இதே தரவுகள் வெள்ளக் கணிப்புக்கும் நீர்வடிப்பகுதித் திட்டங்களுக்கும் பயன்படுவதால், இவ்விழப்பு விளையாட்டோடு நிற்பதுமில்லை. கண்மாய்க் கரைகளை நிலத்தில் காப்பதோடு தரவிலும் பதிவு செய்வது வரலாற்று ஆய்வின் கடமைகளுள் ஒன்றாகிறது.