பாலாற்றின் கணக்கு

சுற்றுச்சூழல் குறித்த தமிழ் விவாதங்களில் இரண்டு குரல்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. சுற்றுச்சூழல் கரிசனம் என்பது வயிறு நிறைந்த மேலை நாடுகளிலிருந்து வந்த சரக்கு, ஏழை நாட்டுக்கு வேலையும் தொழிலுமே முதல் தேவை என்பது ஒரு குரல். நம் முன்னோர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர், நவீனம் வந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்பது மற்றொரு குரல். காஞ்சிபுரத்தை ஒட்டிச் செல்லும் பாலாற்றின் வரலாற்றைப் படிப்பவர்கள் இவ்விரண்டையும் எளிதில் ஏற்றுக்கொள்ள இயலாது.

பாலாறு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறன்று. மழைக்காலத்துச் சில நாள் வெள்ளத்தைக் கால்களின் வழியே ஏரிகளுக்குத் திருப்பித் தேக்கிவைத்ததால்தான் தொண்டை மண்டலத்தில் நெல் விளைந்தது. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த செப்பேடு, ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. பரமேசுவர தடாகம் என்னும் ஏரிக்குப் பாலாற்று நீரைக் கொண்டுவந்த பெரும்பிடுகு என்ற கால்வாயைப் பற்றி அது பேசுகிறது.

காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். ஊர் ஏரியைப் பராமரிப்பது அதன் பொறுப்பு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அதே தடைதான். பொதுச் சொத்தை ஆள்பவர் கணக்குக் காட்டியே தீரவேண்டும் என்னும் இவ்விதி ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமையுடையது.

ஆயினும் இதை ஒரு பொற்காலம் என்று கொண்டாடுமுன் அதே கல்வெட்டின் பிற வரிகளையும் படிக்க வேண்டும். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையவரே வாரியத்துக்கு உரியவர். ஏரியில் இறங்கி வண்டல் அள்ளியவருக்கும் மடை திறந்தவருக்கும் அங்கே இடமில்லை. அனில் அகர்வாலின் டெல்லி அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 1997-ல் வெளியிட்ட நூல் மரபான நீர்த்தேக்க முறைகளின் அருமையை நாடெங்கும் பேசவைத்தது. டேவிட் மோஸ் என்னும் மானுடவியலாளர் தமிழகத்தின் தென்மாவட்ட ஏரிகளை ஆராய்ந்து 2003-ல் எழுதிய நூலோ, அம்முறைகள் சாதி அதிகாரத்தின் மீது நின்றவை என்று காட்டியது. ஏரிகள் நன்றாகப் பராமரிக்கப்பட்டன என்பதும் உண்மை, அவை எல்லாருக்கும் உரியவையாக இருக்கவில்லை என்பதும் உண்மை.

இனி ஆற்றின் மேற்புறம் செல்வோம். காஞ்சிக்கு மேலே பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய தோல் நகரங்கள் உள்ளன. ஒருகாலத்தில் அங்கே ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருள்களே தோலைப் பதனிடப் பயன்பட்டன. 1970-களின் தொடக்கத்தில், சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மைய அரசு கட்டுப்படுத்தி, முழுதும் பதனிட்ட தோலை ஊக்குவித்தது. அந்நியச் செலாவணி பெருகியது, குரோமியப் பதனிடுதலும் பரவியது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகி, உப்பும் குரோமியமும் கலந்து வெளியேறியது. இம்மாற்றத்துக்குத் தொழிலதிபர்களின் பேராசையை மட்டும் காரணம் காட்டுவது பொருந்தாது. அரசின் கொள்கைக்கும் இதில் பங்குண்டு.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு கூறியதை நீதிபதி குல்தீப் சிங் தம் தீர்ப்பில் எடுத்துக்காட்டினார். தீங்கு நேரும் வாய்ப்பு இருந்தாலே முன்கூட்டித் தடுக்க வேண்டும், மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்னும் இரு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு அறிவித்தது. 1992 ரியோ மாநாட்டின் பிரகடனத்தில் இடம்பெற்றிருந்த கருத்துகள் இவை. சொற்கள் வெளியிலிருந்து வந்திருக்கலாம். வழக்கோ, கிணற்று நீர் கெட்டுப்போன பாலாற்றங்கரை மக்களுடையது. இராமச்சந்திர குகாவும் யுவான் மார்டினெஸ் அலியரும் 'ஏழைகளின் சூழலியல்' என்று விளக்கியது இதைத்தான். மண்ணும் நீரும் கெட்டால் முதலில் பிழைப்பு இழப்பவன் ஏழை. ஆதலால் சூழலியல் அவனுக்கு ஆடம்பரம் அன்று.

தோல் தொழிலாளியும் ஏழைதானே என்ற கேள்வி இங்கே எழும். நியாயமான கேள்வி அது. தொழிற்கூடத்தை மூடினால் அவர் வேலை இழப்பார், மூடாவிட்டால் கழிவை முதலில் தொடுபவரும் சுவாசிப்பவரும் அவரே. அவரையும் உழவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, இலாபம் கண்டவர்களும் கொள்கை வகுத்தவர்களும் ஒதுங்கிக்கொள்வதே இவ்விவாதத்தின் பெரிய தந்திரம்.

தீர்ப்பின் பின்கதை மனநிறைவு தருவதாக இல்லை. இழப்பீடு மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2001-ல் தொகையும் அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, விடுபட்டவர்களுக்கு இழப்பீடு தரவும், அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கவும், முன்னாள் நீதிபதி ஒருவர் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கவும் ஆணையிட வேண்டியிருந்தது. இடையில் ஓடியவை இருபத்தெட்டு ஆண்டுகள்.

காஞ்சியும் இக்கணக்கிலிருந்து விலகி நிற்க முடியாது. பட்டு நூலின் பசையை நீக்க அதைச் சோப்பும் சோடாவும் சேர்த்துக் கொதிக்கவைக்கிறார்கள், பின்பு சாயத்தில் தோய்க்கிறார்கள். அந்த நீரும் எங்கோ சென்று சேர்கிறது. முகூர்த்தப் புடவையின் விலையில் அதைச் சுத்திகரிக்கும் செலவு அடங்கியிருக்கிறதா என்று வாங்குபவர் கேட்பதில்லை. அச்செலவைக் கூலிக்கு நெய்பவர் தலையில் கட்டாமல் யார் ஏற்பது என்பதே அடுத்த கேள்வி.

2022-ல் பரந்தூரில் சென்னையின் இரண்டாம் விமான நிலையம் அறிவிக்கப்பட்டபோது பழைய வழக்கு புதிய வடிவில் திரும்பியது. விரிவடையும் நகரத்துக்கு விமான நிலையம் வேண்டும் என்ற வாதத்தில் பொருளில்லாமல் இல்லை. ஆனால் ஏகனாபுரம் மக்கள் தம் கிராமசபையில் எதிர்ப்புத் தீர்மானங்களை மீண்டும் மீண்டும் நிறைவேற்றினர், மாதக்கணக்கில் மாலைதோறும் கூடிப் போராடினர். அவர்கள் சுட்டிக்காட்டியவை வீடும் வயலும் ஏரிகளும். ஓர் ஏரியை மூடுவதால் அதன் கீழுள்ள வயல்கள் நீரை இழக்கும், அதுவரை அங்கே தேங்கிய வெள்ளம் வேறெங்கோ பாயும். இழப்பீட்டுத் தொகையில் இவை எந்தப் பத்தியில் எழுதப்படும்?

நிலமில்லாதவரை விலக்கிவைத்த உத்திரமேரூர்ச் சபை நமக்கு முன்மாதிரி ஆக முடியாது. அதன் ஒரு விதி மட்டும் எடுத்துக்கொள்ளத்தக்கது: கணக்குக் காட்டாதவன் மீண்டும் பொறுப்புக்கு வரக்கூடாது. வளர்ச்சியா, இயற்கையா என்று பட்டிமன்றம் நடத்துவதைவிட, எந்தத் திட்டத்தில் யாருக்கு எவ்வளவு வரவு, யாருக்கு எவ்வளவு இழப்பு என்று கேட்பது பயன் தரும். சூழலியல் இயக்கம் கேட்பது பெரும்பாலும் இக்கணக்கைத்தான். அன்று குடத்தில் பெயர் இடப்படாதவர்களின் பேரர்களும் இன்று அதைக் கேட்க முடிகிறது என்பதே இத்தனை நூற்றாண்டுகளில் நேர்ந்த உண்மையான முன்னேற்றம்.